காய்ந்த பூவும் கால்படாத இடமும்: பேகம்பூர் வீட்டு நிலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நகரத்து அலங்காரக் கடைகளில் இப்போது காய்ந்த பூவுக்கு நல்ல மவுசு. கண்ணாடிச் சாடியில் நாலு காய்ந்த தண்டைச் செருகி விலைச்சீட்டு ஒட்டி வைக்கிறார்கள். வாங்கிப் போகிறவர் வெளிநாட்டுக் கலை ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டதாகப் பூரித்துப்போகிறார். திண்டுக்கல் பேகம்பூர் வட்டாரத்தில் வாசல் நிலை, சாமி படம், பைக் ஹேண்டில்பார் ஆகியவற்றை ஒருமுறை கூர்ந்து பார்த்தவர் அப்படிப் பூரிக்க மாட்டார். காய்ந்த பூ இல்லாத வீடு இங்கே அரிது. என்ன, அதை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை.

இக்கட்டுரையின் கருதுகோள் இது: தமிழ் வீட்டில் உலர்பூ அலங்காரம் என்பது மாட்டியவர் கைவண்ணம் அன்று, கழற்றாதவர் கைவண்ணம்.

ஆய்வுக் களத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதுதான் ஆய்வு மரபு. 1755இல் திண்டுக்கல்லின் பொறுப்புக்கு வந்தவர் ஹைதர் அலி. அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இங்குள்ள பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. பேகம்பூருக்குப் பெயர் வந்ததும் அவரால்தான். ஒரு பக்கம் தோல் ஷாப்புகள், ஒரு பக்கம் பிரியாணி மணம். ஊருக்குள் பூ மார்க்கெட், சற்றுத் தள்ளி நிலக்கோட்டையில் இன்னொன்று. பூவுக்குப் பஞ்சமில்லாத ஊர். வெயிலுக்கும் பஞ்சமில்லை. உலர்பூ ஆய்வுக்கு வேறென்ன வேண்டும்?

கழற்றாததற்குச் சோம்பல்தான் காரணம் என்று அவசரக்காரர்கள் எழுதிவிடுவார்கள். நிலவரம் அப்படியில்லை. ஆயுத பூஜைக்குப் போட்ட செண்டுமல்லி மாலை மார்கழியிலும் தொங்குகிறதே என்று மருமகள், “அத்தை, இதக் கழட்டிரவா?” என்று கேட்டால் எந்த மாமியாரும் மறுப்பதில்லை. “கழட்டேன். ஆனா கால்படாத எடமாப் பாத்துப் போடு” என்பார். பேச்சு அத்தோடு முடிந்தது.

கால்படாத இடம் என்றால் ஆறு, குளம், கிணறு, மரத்தடி. குடகனாறு இந்த மாவட்டத்தில்தான் ஓடுகிறது. ஓடுகிறது என்பது வரைபடத்தை நம்பிச் சொல்வது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே மணல்தான். கிணறு இருந்த இடத்தில் போர்வெல் குழாய் நிற்கிறது, மரத்தடியில் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் நிற்கிறது. கங்கை ஓடும் கான்பூரிலேயே கோயில் பூவை ஆற்றில் விடுவது சிக்கலாகி, அதைத் திரட்டி ஊதுபத்தி செய்யும் தொழில் தோன்றியிருக்கிறது என்றால், ஆற்றில் தண்ணீர் தேட வேண்டிய ஊரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தரையில் தேடித் தேடிப் பார்த்தவர்களுக்குக் கடைசியில் கால்படாத இடமாகக் கிடைப்பது, மாலை ஏற்கெனவே தொங்குகிற அதே ஆணி.

இனி, இத்துறையின் தலைசிறந்த மாதிரியான காப்புக்கட்டு. தை பிறப்பதற்கு முன், போகியன்று, சாலையோரங்களில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் குவித்து விற்பார்கள். ஒரு கைப்பிடி சேர்த்துக் கட்டி வாசல் நிலையின் மேல் செருகுவது வழக்கம். தொழுவத்துக்கும் வயலுக்கும் தனித்தனியே உண்டு. செருகிய மூன்றாம் நாளே ஆவாரம்பூவின் மஞ்சள் சுருண்டு, கதவை அடித்துச் சாத்தும் போதெல்லாம் இரண்டு மூன்றாக உதிரும். வேப்பிலை முதலில் ஓரம் மடங்கும், பிறகு தொட்டால் நொறுங்கும். பங்குனி வெயிலில் அண்ணாந்து பார்த்தால், மொட்டைக் குச்சிகளுக்கு நடுவே பூளைப்பூ மட்டும் அன்று பறித்தது போலவே சாம்பல் வெள்ளையாக நிற்கும்.

இதில் அற்புதம் ஒன்றுமில்லை. பூவின் எடையில் பெரும்பங்கு தண்ணீர். அது போனால் இதழ் சுருங்கித்தான் ஆக வேண்டும். பூளைப்பூவோ பிறக்கும்போதே பாதி காய்ந்த பூ. அதன் இதழ்கள் காகிதச் செதில் போன்றவை, உலர்வதற்கு அவற்றில் அதிகம் மிச்சமில்லை. வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் இதே ரகம். வாடாமல்லியில் நாம் பூ என்று கோக்கும் ஊதாப் பகுதி உண்மையில் பூவைச் சுற்றிய செதில். அசல் பூ அதற்குள் கடுகு போல் ஒளிந்திருக்கிறது. அந்த ஊதா, பீட்ரூட்டின் நிறமி வகையைச் சேர்ந்தது. மூன்றும் ஒரே தாவரக் குடும்பம், தண்டுக்கீரையின் குடும்பம். சாடிப் பூவுக்கு ஆயிரம் கொடுப்பவர்கள் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுவதைச் சமூகவியலாளர்கள் தனியே ஆராயட்டும்.

மதுரை மல்லியை இந்த ஆட்டத்தில் சேர்க்கவே முடியாது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமையெல்லாம் சரி, மறுநாள் காலையில் அது பழுப்பு நூல்தான்.

பருவமும் கவனிக்கத்தக்கது. ஆயுத பூஜை முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். பூட்டுப் பட்டறையின் துளையிடும் எந்திரத்தில் போட்ட மாலை ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கறுப்பது இதனால்தான். எந்திர எண்ணெயும் தன் பங்கைச் செய்கிறது. காப்புக்கட்டோ மழை ஓய்ந்து தை பிறக்கும் தறுவாயில் ஏறுகிறது. அதற்குப் பிறகு மாசி, பங்குனி, சித்திரை என்று அப்பழுக்கில்லாத வறட்சி காத்திருக்கிறது. ஈரத்தை இழுக்கச் சிலிக்கா ஜெல் வாங்குவோர் இந்த நாட்காட்டியைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் உதிர்ந்ததற்காக ஆவாரையை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். அதன் பட்டையை நம்பித்தான் தென்னிந்தியத் தோல் தொழில் நெடுங்காலம் நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்திறங்கிய பிறகே அதற்கு மதிப்புக் குறைந்தது. ஆட்டுத்தோலை அழுகாமல் காத்த செடிக்குத் தன் பூவை ஒரு வாரம் காக்கத் தெரியவில்லை. 2014இல் பிறந்த தெலங்கானா அதைத்தான் மாநில மலராக எடுத்துக்கொண்டது. அவர்கள் நிலையில் செருகிச் சோதிக்கவில்லை போலும்.

கருதுகோளுக்கு வலுவான சான்று எகிப்திலிருந்து கிடைக்கிறது. 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில், அரசனின் சவப்பெட்டி மேல் ஆலிவ் இலையும் நீலப்பூவும் கோத்த சிறு மாலை ஒன்று இருந்தது. வயது சுமார் 3,300 ஆண்டு. அது உதிராமல் இருந்ததற்கு அறிஞர்கள் வறண்ட காற்றையும் அடைபட்ட இருட்டையும் காரணம் சொல்கிறார்கள். கழற்ற ஆளில்லை என்ற எளிய காரணத்தை அவர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

பூவை உலர்த்துவதையே தொழிலாகச் செய்பவர்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். தாமரைக் காய், பனையோலை, விதைக்கூடு, காய்ந்த பூ எல்லாவற்றையும் உலர்த்தி, வெளுத்து, சாயமேற்றிக் கப்பலில் அனுப்புகிறார்கள். துறைமுகமும் வெயிலும் பக்கத்திலேயே இருப்பது அவர்களுக்குத் தோது. ஆனால் அங்கே எல்லாம் திட்டமிட்டுக் காய்கிறது. ஆகவே இவ்வாய்வின் எல்லைக்குள் அது வராது.

கடைசியாக, காலக் கணிப்பு முறை ஒன்று. புதுக் காப்பைக் கட்டும்போது பழையதை அவிழ்க்காமல் அதன் மேலேயே செருகிவிடுவது சில வீடுகளின் வழக்கம். ஆகவே நிலையின் மேல் அடுக்கு அடுக்காக ஆண்டுகள் தெரியும். அடியில் வெறும் குச்சி, அதற்கு மேல் பழுத்த பூளை, மேலே பச்சை வேம்பு. கீழடியில் குழி வெட்டிப் பார்ப்பதை இங்கே ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்கலாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீட்டில் ஓர் அடுக்குக்கு மேல் இராது. இரண்டு இருந்தால் அந்த ஆண்டு கையில் காசு இல்லை. மூன்றைத் தாண்டினால் அது வாடகை வீடு. சுண்ணாம்புச் செலவு யாருடையது என்று வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.