கத்திரி வர்றதுக்குள்ள கத்திரியை எடு

ஏன்டா தம்பி, கையில உறை, தலையில தொப்பி, இடுப்புல ஜப்பான் கத்திரி. எந்த ஊரு சண்டைக்குக் கெளம்பிட்டே? ரோஜாவைக் கவாத்து பண்ணவா? நல்லது, பண்ணு. ஆனா மார்ச் மாசந்தான் வெட்டணும்னு யார்ரா உனக்குச் சொன்னது?

போன்ல வெள்ளைக்காரன் சொன்னானா. சரி. அவன் பொய் சொல்லலை. அவன் ஊருக்குச் சொன்னான். அதை நீ கடலூர் மஞ்சக்குப்பத்து மொட்டை மாடியில நின்னு கேட்டுக்கிட்டா அதுக்கு அவன் இன்னா பண்ணுவான்?

அவன் ஊர்ல குளிர்காலம்னா மண்ணே உறைஞ்சி போவும். செடி எலையை உதுத்துட்டுத் தூங்கும். அப்படித் தூங்கப் போற செடியை ஐப்பசியில வெட்டிவெச்சா இன்னா ஆவும்? வெட்டுக்குக் கீழ இருக்கற கண்ணு முழிச்சிக்கும். தளிர் வுடும். உறைபனி வந்து அந்தத் தளிரைக் கருக்கிப்புடும். அதான் அவன் காத்துக் கெடக்கறான். இங்கிலாந்துக்காரன் பிப்ரவரி, மார்ச்சு வரைக்கும். அமெரிக்காவுல குளிரு கூடுன பக்கத்துல, ஃபார்சித்தியான்னு ஒரு மஞ்சப் பூச்செடி பூக்கற வரைக்கும். அது பூத்தா ரோஜாவுல கை வெக்கலாம்னு அவனுக்கு அடையாளம். கெட்டிக்காரன்தான். தேதியைப் பாக்காம மரஞ்செடியைப் பாக்கறான் பாரு. நீ எதைப் பாக்கப் போறே? சிதம்பரம் தெக்கு வீதியில எவன் வூட்டு வாசல்ல ஃபார்சித்தியா பூத்திருக்கு?

தமிழ்நாட்டுல குளிரே இல்லியான்னு மொறைக்காத. இருக்கு. ஊட்டிக்குப் போ. அங்க எல்க் ஹில் சரிவுல, நூறாவது மலர்க் கண்காட்சி ஞாபகமா 1995ல ரோஜாப் பூங்கா வெச்சாங்க. ஆயிரக்கணக்கான ரகம். 2006ல ஒலக ரோஜா சங்கங்களோட கூட்டமைப்பு விருதே குடுத்துச்சு. அங்கயும் மார்கழி, தையில விடிகாலம் புல்லு மேல வெள்ளையா உறைபனி கெடக்கும். அதனால வருஷம் பொறந்த பொறவுதான் கவாத்து. மே மாசம் கண்காட்சிக்குப் பூ. அவனுக்குச் சரி. நமக்கு மே மாசம் இன்னா? கத்திரி வெயிலு. ஊட்டிக்காரன் கணக்கை வாங்கிக் கடலூர்ல போடறது, அவன் ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு வடலூர் தைப்பூசக் கூட்டத்துல நிக்கற மாதிரி.

இன்னொருத்தன் இருக்கான். அவன் டெல்லிக்காரன் பொஸ்தகம் படிச்சவன். அக்டோபர் ரெண்டாவது வாரம்னா கத்திரியைத் தூக்கிடுவான். டெல்லிக்கு மழை புரட்டாசியோட முடிஞ்சி போச்சு. வெட்டறான், குளிருக்குப் பூ எடுக்கறான். நமக்கு அப்பத்தானே தம்பி ஆரம்பிக்குது? ஐப்பசி அடமழை, கார்த்திகை கனமழைன்னு சும்மாவா சொன்னாங்க?

வெள்ளைக்காரனுக்குப் பகை பனி. நமக்குப் பகை ஈரம். வெட்டுவாய் பச்சைப் புண்ணு. அது காயறதுக்குள்ள நாலு நாளு விடாத மழை புடிச்சா பூசணம் உள்ள எறங்கிடும். நுனி கறுக்கும். கறுப்பு மேலேருந்து கீழ எறங்கும். நுனிக்கருகல்ம்பாங்க. எறங்கி ஒட்டு வரைக்கும் வந்துச்சுன்னா செடியைப் புடுங்க வேண்டியதுதான். இதுல சிதம்பரத்துப் பக்கம் களிமண்ணு வேற. தண்ணி நின்னா வேரும் அழுவும். மேலயும் கருகல், கீழயும் அழுகல். நடுவுல நீ உறை மாட்டிக்கிட்டு நிப்பே.

அப்ப மார்கழி பொறந்ததும் வெட்டலாமான்னு கேப்பே. அவசரப்படாத. 2011ல தானே புயல் எப்ப வந்துச்சு? டிசம்பர் 30. மார்கழி பாதி. பண்ருட்டிப் பலா, முந்திரி எல்லாம் வேரோட சாஞ்ச நாளு அது. வானத்துக்கு ஏதுடா காலண்டரு?

செதம்பரத்துல ஆருத்ரா தேரு நெலைக்கு வரட்டும். வூட்ல திருவாதிரைக் களி தின்னு கையைக் கழுவு. பொங்கலும் கழியட்டும். காத்துல ஈரம் கொறைஞ்சி, காலையில மூடுபனி, பகல்ல நல்ல வெயிலுன்னு ரெண்டு மூணு நாளு சேந்தாப்புல அடிக்குதா? அதான் நம்ம ஃபார்சித்தியா. எடு கத்திரியை. வெட்டுன நாளுலேருந்து ஒண்ணரை மாசம், கூடப் போனா ரெண்டு மாசம். மாசி மகத்தை ஒட்டிப் பூ வந்துடும். ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வர்ற நேரம். வெயிலு மூக்கைப் புடிக்கறதுக்குள்ள ஒரு பட்டம் பூ பறிச்சிடலாம். இந்த நாள் கணக்குப் புதுசா? ஓசூர்ல பிப்ரவரி 14க்குப் பூ அனுப்பறவன் டிசம்பர்லயே கணக்குப் போட்டு வெட்டறான். அவனுக்கு ஜாதகமா பாத்து வெச்சிருக்கு?

எப்படி வெட்டறதுன்னு ரொம்ப இழுக்க மாட்டேன். செத்த குச்சி, சீக்குக் குச்சி, ஒண்ணோட ஒண்ணு ஒரசற குச்சி, மூணும் போவட்டும். நல்ல குச்சியில பாதி உசரம் வெச்சிக்க. வெளிப்பக்கம் பாக்கற கண்ணுக்கு மேல காலங்குலம் வுட்டுச் சாய்ச்சி வெட்டு. ஒட்டுக்குக் கீழேருந்து ஒரு குச்சி தளதளன்னு கெளம்புமே, அதைப் பாத்து ஆகா வளருதுன்னு கை தட்டாத. அது அடிச்செடி. சோறெல்லாம் அது தின்னுப்புட்டு உன் ரோஜாவைப் பட்டினி போட்டுடும். அடியோட கிள்ளு.

வெட்டுவாய்க்கு இன்னா தடவப் போறே? பட்டைத் தூளா? தேனா? பிரியாணியாடா பண்றே? மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி பத்து லிட்டர். அதான் போர்டோ பசை. உன் ரெண்டு தொட்டிக்கு அவ்ளோ எதுக்கு, அதே கணக்குல ஒரு கரண்டி போதும். தனித்தனியா கரைச்சிக் கலக்கு. இரும்புச் சட்டியில மட்டும் வெக்காத.

இந்தப் பசை வந்த கதை தெரியுமா? பிரான்சு தேசத்துல போர்டோன்னு ஒரு ஊரு. அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரன், வழியில போறவன்லாம் பழத்தைப் பிச்சித் திங்கறான்னு கடுப்பாயி, ரோட்டோரக் கொடியில துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிச்சிவெச்சான். பாக்கவே பயமா இருக்கட்டும்னு. 1882ல மில்லர்டேன்னு ஒரு வாத்தியாரு அந்தப் பக்கம் போனாரு. ஊர்க் கொடியெல்லாம் பூசண நோயில எலை கொட்டிக் கெடக்குது, ரோட்டோரக் கொடி மட்டும் பச்சைப்பசேல்னு நிக்குது. ஏன்னு யோசிச்சாரு. 1885ல ஒலகத்துக்கே சொன்னாரு. திருடனுக்குப் போட்ட திட்டத்துல வந்த மருந்துடா அது! ஆராய்ச்சின்னா கோட்டு போட்டவன் மட்டும் பண்றதுன்னு நெனைச்சியா?

வெட்டி முடிச்சதும் அடி மண்ணைக் கொத்தி மக்குன சாணி எருவைப் போடு. வாழைப்பழத் தோலை ஊறவெச்சி ஊத்தறேன்னு மொட்டை மாடியை நாறடிக்காத. நெலா பாத்து வெட்டுன்னு ஒருத்தன் சொல்றானாமே, அவன் நெலாவைப் பாத்துக்கிட்டே வெட்டுனா வெரலு போவும். தக்காணத்துப் பக்கம் சில பேரு தண்ணியை நிறுத்தி, வேரைத் தோண்டி வெயில்ல காட்டிச் செடியைத் தூங்கவெப்பாங்க. நீ அதெல்லாம் ஆரம்பிக்காத. உன் தொட்டியில இருக்கறது ரெண்டு முழம் செடி. தூங்கப் போனா முழிக்குமான்னு யாரு கண்டா?

ஆமா, செடி எங்க வாங்குனே? ஆந்திராவுலேருந்து வேன்ல வந்த கடியம் நர்சரி செடியா? பூ பெருசா இருக்கும், மோந்தா வாசனை இருக்காது. ஆயா வூட்டுக் கொல்லைப்பக்கம் எட்வர்டு ரோஜா ஒண்ணு நிக்குமே, அது இருக்கா, வெட்டிப்புட்டீங்களா? இருந்தா அதையும் அதே நாளுல கவாத்து பண்ணிடு. வெட்டுன குச்சியைக் குப்பையில போட்டுடாத. பென்சில் மொத்தத்துல, ஒரு சாண் நீளத்துக்கு இருக்கறதா பொறுக்கு. குச்சியிலேயே வேரு வுடற செடி அது, ஒட்டே வேணாம். பொறுக்குனதைச் சணல்ல கட்டி ஈரச் சாக்குல சுத்தி, பொழுது சாயறதுக்குள்ள எங்க வூட்ல கொண்டாந்து குடு. கத்திரி, உறை, தொப்பி எல்லாம் மாட்டிக்கிட்டே வா. தெரு சனங்களும் பாக்கணும்ல?