கோயில் பெஞ்சில் ஓர் எழுத்தாளர்

கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் ஒன்றியத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள். இந்த வட்டாரத்தின் மூன்றாவது விளைபொருளை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை: எழுதுகிற கிறிஸ்தவ அம்மா. இவரை அடையாளம் காண்பது எளிது. திருப்பலிக்கு ஐந்து நிமிடம் பிந்தி வருவார். மறையுரை நடக்கும்போது பங்கு மடலின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொள்வார். தன் பிரசங்கத்தைத்தான் எழுதுகிறார் என்று பங்குத்தந்தை உள்ளூர மகிழ்வார். குறிப்பில் இருப்பதோ முன்வரிசைப் பெரியவரின் கொட்டாவி. மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் கதை எழுதுவார், கதையின் பின்பக்கத்தில் மளிகை எழுதுவார். சீட்டு மாறிக் கடைக்குப் போனால், “து.பருப்பு 1 கிலோ”வுக்கு அடுத்து “அவள் விசும்பினாள்” என்றிருப்பதைப் பார்த்துக் கடைக்காரர், “இது எத்தனை கிராம்க்கா?” என்பார். கணவர் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவரானால் யோகம்தான். மனுஷன் தூங்கும் பகலில் வீடு நிசப்தமாக இருந்தாக வேண்டும், நிசப்தத்தில் பேனா ஓடும். ஆனால் குக்கருக்கு ஷிப்டும் தெரியாது, இலக்கியமும் தெரியாது.

இவர் எழுதுவதில் பெரும்பாலும் நகைச்சுவைதான். “அம்மாவுக்குக் குசும்பு ஜாஸ்தி” என்று அன்பியம் என்னும் அக்கம்பக்கக் குடும்பங்களின் ஜெபக் கூட்டத்தில் அதற்கு விளக்கம் சொல்லிவிடுவார்கள். என் கட்சி வேறு. இவர் சிரிக்க வைப்பது குணத்தால் அல்ல, கட்டாயத்தால். கதைக்கு ஆள் வேண்டும், கிடைக்கிற ஆளெல்லாம் வாசகராகவும் இருக்கிறார். மாமியாரை எழுதினால் மாமியார் படிப்பார். பாடகற்குழுவில் சுருதி விலகிப் பாடுகிறவரை எழுதினால், அடுத்த ஞாயிறு சமாதானம் பகிரும் நேரத்தில் அவரிடமே கைகூப்ப வேண்டும். பெருநகரத்து எழுத்தாளருக்கு லட்சம் அந்நியர்கள் கிடைப்பார்கள். இந்த ஊரில் ஒரே பெஞ்சில் பாத்திரம், வாசகர், விமரிசகர் மூவரும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். எழுதினாலும் வழக்கு வராத ஆள் ஊரில் ஒருவரே: தானே. அவருக்கு இதில் பயிற்சியும் உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பத்து வயதிலிருந்து பழக்கிய விதி, உன் குற்றத்தைச் சொல், புருஷன் குற்றத்தைச் சொல்லாதே, சுருக்கமாகச் சொல், வெளியே வரிசை நிற்கிறது என்பதுதானே? நல்ல நகைச்சுவைக் கட்டுரைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை யாரும் வகுத்ததாகத் தெரியவில்லை.

சிரிக்கிற பெண்ணிடம் விளக்கம் கேட்கும் வழக்கம் பழையது. தொடக்கநூலின் 17-ஆம் அதிகாரத்தில், நூறு வயதில் பிள்ளையா என்று ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் சொல்லாமல் வந்த மூன்று விருந்தாளிகளுக்காக அப்பம் சுடும் பொறுப்பு சாராவின் தலையில் விழுகிறது. அதே செய்தியைக் கூடார வாசலுக்குப் பின்னால் நின்று கேட்டு, மனதுக்குள் மட்டும் சிரிக்கிறார். உடனே விசாரணை வருகிறது, சாரா ஏன் சிரித்தாள் என்று. அதுவும் கேள்வி கணவரிடம் போகிறது! பயந்துபோன சாரா, நான் சிரிக்கவே இல்லை என்று மறுக்கிறார். இறையியலார் இதற்குப் பக்தியான விளக்கங்கள் வைத்திருக்கிறார்கள், அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. எழுதுகிற அம்மா இதில் கற்பது தொழில் ரகசியம்: சிரிப்பதானால் உன்னையே பார்த்துச் சிரி, விசாரணை சீக்கிரம் முடியும். நீதிமொழிகளின் 31-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். பொழுது விடியுமுன் எழுந்து, நூல் நூற்று, நிலம் வாங்கி, வீட்டாருக்கெல்லாம் உணவு தரும் அந்தக் குணவதியை அன்னையர் தினம் தவறாமல் பீடத்தில் ஏற்றுகிறார்கள். அந்த அதிகாரத்தின் தலைப்பு வரியை மட்டும் விட்டுவிடுவார்கள். லேமுவேல் அரசனுக்கு அவன் தாய் கற்பித்தவை என்று அது சொல்கிறது. மகன் பெயர் இருக்கிறது, தாயின் பெயர் இல்லை.

தமிழில் கிறிஸ்தவர்கள் சிரிக்க வைத்த வரலாறு நீண்டது, ஆனால் அது ஆண்களின் வரலாறு. விருத்தாசலம் பக்கத்துக் கோனான்குப்பத்தில், புடவை கட்டிய பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர்தான் பரமார்த்த குருவையும் ஐந்து முட்டாள் சீடர்களையும் நமக்குத் தந்தவர். 3,615 பாடல்களில் தேம்பாவணியும் பாடினார். மகா மேதை, மறுப்பில்லை. ஆனாலும் எந்தப் பாட்டின் நடுவிலும், “அம்மா, என் சாக்ஸ் எங்கே?” என்று அவரை ஒருவரும் கேட்டிருக்க முடியாது. மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். பெண் கல்விக்காக வாதாடிய நல்ல மனிதர், கதாநாயகி ஞானாம்பாளை அரியணையிலேயே ஏற்றினார். ஆனால் ஏற்றுமுன் ஆண் வேடம் போட வேண்டியிருந்தது. வேடம் போடாமல் உட்கார்ந்த அம்மாவைப் பார்க்க 1901-ஆம் ஆண்டின் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே கமலா சத்தியநாதன் ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். ஆண்களை அந்தப்புரத்தில் பூட்டிவிட்டுப் பெண்கள் நாட்டை நடத்தும் ரொக்கையா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் முதலில் வெளிவந்தது அந்த இதழில்தான். ஒரு முஸ்லிம் பெண்ணின் கேலியை ஒரு கிறிஸ்தவப் பெண் சென்னையில் அச்சேற்றினார். மறு ஆண்டே கணவர் சாமுவேல் சத்தியநாதன் காலமானார். கமலா இரண்டு பிள்ளைகளை வளர்த்தபடியே இதழையும் நடத்தினார். 1918-இல் நின்றுபோனதை 1927-இல் மறுபடி எழுப்பினார். மகள் பத்மினி சென்குப்தாவும் எழுத்தாளராகித் தாயின் வாழ்க்கையை நூலாக எழுதினார். லேமுவேல் செய்யாததை இந்த மகள் செய்தார்.

அடுக்களைத் தொல்லை எல்லா மதத்து அம்மாவுக்கும் பொதுதானே, இதில் கிறிஸ்தவம் எங்கே வந்தது என்று கேட்கலாம். சரியான கேள்வி. பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கு மதம் கிடையாது. ஆனால் ஞாயிறுதோறும் உட்காரவைத்து ஒரு கதையை வாசித்து, அதற்குப் பொழிப்பும் சொல்லி அனுப்பும் ஏற்பாடு இவருக்கு உண்டு. வேலை செய்த மார்த்தாவைவிட, காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியாவே நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்று லூக்கா நற்செய்தியிலிருந்து பிரசங்கம் நடக்கும். பிரசங்கம் முடிந்ததும் திருவிழாப் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க மார்த்தாக்களைத்தான் தேடுவார்கள். இந்த முரணை வருடக்கணக்காகக் காதால் கேட்ட பெண் சிரிக்காமல் இருந்தால்தான் வியப்பு.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. தன்னையே கேலி செய்வது அடிமைப் புத்தி, வலியைச் சிரிப்பால் மூடி வீட்டாரைத் தப்பவிடுகிறது என்பார்கள். ஓரளவு உண்மை. சில கட்டுரைகளில் அம்மா தன்னைக் கோமாளியாக்குவதோடு நின்றுவிடுகிறார், அவை நமக்குச் சலிக்கின்றன. ஆனால் நன்றாக எழுதுகிறவரைக் கவனியுங்கள். “எனக்கு மறதி, காலையில் ஐந்து டிபன் பாக்ஸ் கட்டினேன், என்னுடையதை மறந்துவிட்டேன்” என்று அவர் எழுதும்போது சிரிப்பு யார் மேல் விழுகிறது? அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து எர்மா பாம்பெக் செய்ததும் இதுதான். மூன்று பிள்ளைகளின் தாய், கத்தோலிக்கர். 1964-இல் ஒரு சிறு உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரைக்கு மூன்று டாலருக்குத் தொடங்கினார். பின்னாளில் ஏறக்குறைய 900 பத்திரிகைகளில் அவர் எழுத்து வந்தது. துவைக்கும் துணியும் பிள்ளைகளின் அட்டகாசமும்தான் அவருடைய சரக்கு. படித்த கணவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலராவது துணியை மடித்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஆசை.

பிள்ளைகள் வளர்ந்து காலேஜுக்குப் போன பிறகு நிம்மதியாக எழுதலாமே என்று மூன்றாவதாக ஓர் ஆலோசனையும் வரும். கரிசனமாகச் சொல்வார்கள். பிள்ளைகள் போனதும் விஷயமும் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இன்னொரு கத்தோலிக்கத் தாயான அமெரிக்க எழுத்தாளர் ஜீன் கெர், வீட்டில் பிள்ளைகளின் அமளி தாங்காமல் சில தெருக்கள் தள்ளி நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து எழுதினார். அப்படிப் பிறந்த சிரிப்பு 1957-இல் புத்தகமாகி விற்றுத் தீர்ந்தது. கம்மாபுரத்து அம்மாவுக்குக் கார் இல்லாவிட்டால் விருத்தாசலம் பஸ்ஸின் ஜன்னல் சீட் இருக்கிறது.

ஆகவே பங்கு மடலும் கிறிஸ்துமஸ் மலரும் தயாரிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த டிசம்பரில் அவரிடம் பிளம் கேக் செய்முறை கேட்காதீர்கள். கட்டுரை கேளுங்கள், பக்க அளவைச் சொல்லுங்கள், முடிந்தால் பணமும் கொடுங்கள். அச்சிடும்போது கணவர் பெயருக்கு முன்னால் ‘திருமதி’ போட்டு முடித்துவிடாமல், அவருடைய சொந்தப் பெயரைப் போடுங்கள்.