பெர்முடா பதிவாளருக்கு ஒரு விஞ்ஞாபனம்

பெர்முடாத் தீவின் தலைநகராம் ஹாமில்டனில் வீற்றிருக்கும் தலைமைப் பதிவாளர் அவர்களின் சமூகத்துக்கு,

ராஜாக்களும் மடாதிபதிகளும் தத்தம் எல்லைக்குள்ளேயே அதிகாரம் செலுத்தித் திருப்தியடைந்ததாகச் சரித்திரம் கூறியிருக்க, ஐம்பது சதுர கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சிய ஒரு தீவில், ஓர் அலுவலக அறையை விட்டு அசையாமலே, முகமறியாத ஆண்களையும் பெண்களையும் நடுச் சமுத்திரத்தில் தம்பதிகளாக்கி வரும் தங்கள் மகிமையை இதுகாறும் எவரும் முறைப்படி போற்றாமல் விட்டது நன்றிகெட்ட செயல் என்று கருதியே இதை எழுதத் துணிந்தேன். மணமக்களோ தங்களை அறியார். அவர்கள் கைகுலுக்குவதும், பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வதும், வெள்ளுடுப்பில் பொன்னிறப் பொத்தான்கள் மின்ன நிற்கும் கப்பல் தலைவரோடுதான்.

கப்பல் தலைவர் சொன்னால் விவாகம் முடிந்தது, கடல் நடுவே அவர் வாக்கே சட்டம் என்னும் நம்பிக்கை, சினிமாக்காரர்களின் தயவால் உலகெங்கும் வேரூன்றியிருக்கிறது. பிரிட்டனில் பதிவான வர்த்தகக் கப்பலின் தலைவருக்கு, ஆயிரக்கணக்கான உயிர்களைப் புயலிலிருந்து காக்கும் பொறுப்பு உண்டு. கலகம் விளைவிப்பவனை அறையில் பூட்டிவைக்கும் உரிமை உண்டு. மனமொத்த இருவரைச் சேர்த்துவைக்கும் அதிகாரம் மட்டும் கிடையாது. இங்கிலாந்தின் சட்டம் இவ்விஷயத்தில் அலாதியானது. தேவாலயத்துக்கும் பதிவு அலுவலகத்துக்கும் புறம்பான இடங்களில் விவாகம் நடத்துவதற்கென்று 1995-ஆம் வருஷம் அங்கே வகுத்த விதிகள், நிலையான கட்டிடத்தை ஏற்றுக்கொண்டன. கப்பலையும் ஏற்றுக்கொண்டன, ஆனால் அது என்றென்றைக்கும் அவிழாதபடி ஓரிடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1843-இல் பிரிஸ்டலில் நீர் கண்டு, இன்று அதே ஊரின் உலர்துறையில் ஓய்ந்து நிற்கும் 'கிரேட் பிரிட்டன்' என்னும் பழைய நீராவிக் கப்பலில் யாரும் மாலை மாற்றிக்கொள்ளலாம். அலைமேல் ஓடும் கப்பலிலோ ஆகாது. இல்லறத்துக்குப் புகுமுன் கயிற்றின் உறுதியைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன அந்தச் சட்டநிபுணர்கள் அனுபவசாலிகளாகவே இருந்திருக்க வேண்டும்.

இந்தச் சங்கடத்துக்குத்தான் தங்கள் தீவு, தன் பதிவேட்டிலுள்ள கப்பலின் தலைவர் மணம் செய்துவைக்கலாம் என்று, 1999-லேயே கடல் விவாகத்துக்கென்று தனிச் சட்டம் ஒன்றை இயற்றிப் பரிகாரம் கண்டது. அதன் அருமையை உணர்ந்து, 1840 முதல் அட்லாண்டிக்கைக் கடந்து வந்த குனார்ட் கம்பெனியார், குவீன் மேரி 2, குவீன் விக்டோரியா, குவீன் எலிசபெத் என்னும் தம் மூன்று ராணிகளையும் 2011-ஆம் வருஷத்தில் தங்கள் பதிவேட்டில் சேர்த்தார்கள். கப்பல்கள் மாறவில்லை, புறப்படும் துறை மாறவில்லை, சாப்பாட்டு மேஜையின் விரிப்புகூட மாறவில்லை. பின்புறத்தில் சௌதாம்ப்டன் என்றிருந்த எழுத்துகள் போய் ஹாமில்டன் என்ற எழுத்துகள் வந்தன. மறு வருஷமே தலைவர்கள் மணம் செய்துவைக்கத் தொடங்கிவிட்டார்கள். வர்ணத்துக்கும் தூரிகைக்கும் இத்தகைய சக்தி உண்டென்பதை எங்கள் ஊரில் சுவர்ப் பிரசாரம் எழுதுவோர்கூட அறிந்ததில்லை. கப்பல் ஊழியரின் சம்பளத்தைப் பற்றிய பிரிட்டிஷ் விதிகள் இறுகிவந்த சமயத்தில் இம்மாற்றம் நேர்ந்ததைச் சுட்டித் தொழிற்சங்கத்தார் சிலர் முணுமுணுத்தது உண்மையே. காதலைப் பற்றிப் பேசும் சபையில் கூலியைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்பதால் நானும் அதை இத்துடன் விடுகிறேன். பெரிய உல்லாசக் கப்பல்கள் ஹாமில்டன் துறைக்குள் நுழைய இயலாமல், தீவின் மறுகோடியிலுள்ள பழைய கடற்படைத் தளத்திலேயே நின்றுகொள்ள நேர்கிறது என்பதையும், தன் ஊரைக் கண்ணால் காணாதவனும் அந்த ஊர்க்காரனாக இருக்கலாம் என்ற உயர்ந்த தத்துவமாகவே கொள்கிறேன்.

ஆனால் தங்கள் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணப்பந்தலுக்கு மேலே பறக்கும் அந்தச் செந்நிறக் கொடியில் ஒரு சிங்கம் இருக்கிறது. சிங்கத்தின் கையில் ஒரு கேடயம். கேடயத்தில், பாறையில் மோதி உடையும் ஒரு கப்பல்! வர்ஜீனியாவுக்குச் சென்றுகொண்டிருந்த 'சீ வென்ச்சர்' 1609-இல் தங்கள் கரையில் சிக்கிச் சிதைந்ததன் ஞாபகம் அது. தங்கள் தீவின் அரசுச் சின்னத்தின் கீழேயுள்ள லத்தீன் வாசகமோ, விதி எங்கே கொண்டு செல்கிறதோ அங்கே என்கிறது. விவாகப் பத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தமான முத்திரையை வேறெந்த தேசமும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் கப்பலில் வந்து கரையேறியவர்கள், மரம் வெட்டிப் புதுக் கப்பல்கள் கட்டிக்கொண்டிருந்த மாதங்களில், கடற்படைத் தலைவர் சோமர்ஸின் சமையற்காரருக்கும் ஒரு பணிப்பெண்ணுக்கும் விவாகம் நடந்ததை உடனிருந்த ஸ்ட்ரேச்சி என்பவர் எழுதிவைத்திருக்கிறார். கூடவே ஒரு பாதிரியாரும் தப்பியிருந்தபடியால் எந்தத் தலைவரும் பொத்தான் மாட்டிக்கொண்டு வர நேரவில்லை. தங்கள் தீவுக்கும் விவாகத்துக்கும் உள்ள சம்பந்தம் கப்பல் உடைந்த பிறகு ஏற்பட்டது. இப்போதுதான் கப்பல் உடையாமலே ஏற்படுகிறது.

விவாகத்துக்கு அனுமதியளித்துத் தங்கள் அலுவலகம் அனுப்பும் பத்திரத்தோடு, மணமக்களுக்குச் சில உபதேசங்களையும் அச்சிட்டு அனுப்பினால் உபகாரமாயிருக்கும் என்பது என் தாழ்மையான யோசனை. முதலாவதாக, கப்பல் மணமகனுக்காகவும் காத்திராது என்பதை அவனுக்குத் தெரிவிக்க வேண்டும். முந்தின நாளே துறைமுக நகரத்துக்கு வந்து சேராமல், விமானம் தாமதம் என்று சொல்லிக்கொண்டு ஓடிவருகிறவன், தன் விவாகம் அடிவானத்தில் சிறுத்து மறைவதைக் காண்பான். கடலில் நடக்கும் மணத்துக்கு வருகிற உறவினர் ஒவ்வொருவரும் பயணச் சீட்டு வாங்கியாக வேண்டும்; ஆகவே கூட்டம் குறையும் என்று மகிழ்கிறவர்கள், வந்த கூட்டம் பந்தி முடிந்ததும் கிளம்பிப் போகாது, அடுத்த துறை வரும்வரை காலைப் பலகாரத்துக்கும் மாலைத் தேநீருக்கும் எதிரே வந்து உட்காரும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். அக்னி சாட்சியாக மணம் புரிய விரும்புவோர், மெழுகுவர்த்திக்கே அனுமதியில்லாத இடத்தில் ஓமம் வளர்ப்பது எங்ஙனம் என்று புரோகிதரோடு முன்னமே கலந்துகொள்வது உத்தமம். தலைசுற்றலுக்கு அஞ்சுகிறவர்கள் உயரத்து அறையின் அழகில் மயங்காமல், கப்பலின் நடுவே கீழ்த்தளத்தில் அறை கேட்பதே விவேகம். அங்கேதான் ஆட்டம் குறைவு. சேவைக் கட்டணம் என்பது தலைக்கு நாளொன்றுக்கு இவ்வளவென்று கேளாமலே கணக்கில் ஏறும். மொய்ப்பணத்தில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கி வைக்கலாம்.

உயிர்காப்புப் பயிற்சியைப் பற்றி மட்டும் பகடியின்றிச் சொல்கிறேன். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோத் தீவருகே 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதியபோது, அன்றுதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அப்பயிற்சி நடந்திருக்கவில்லை. மாண்டவர் 32 பேர். கப்பல் கிளம்புமுன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிய வேண்டும் என்ற விதி அதன் பிறகே வந்தது. அலங்காரம் கலையும் என்று மணப்பெண் அறையிலேயே இருந்துவிடலாகாது.

முகூர்த்த விஷயத்தில் தங்கள் தீர்ப்பை நாடுகிறேன். சௌதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு மேற்கு நோக்கிச் செல்லும் குவீன் மேரி 2-இல், வழியில் ஐந்து தடவை கடிகாரத்தை ஒவ்வொரு மணி பின்னுக்குத் தள்ளி, இருபத்தைந்து மணி நேரம் கொண்ட நாட்களைப் பிரயாணிகளுக்கு அளிக்கிறார்கள். திரும்பி வரும்போது அதே ஐந்து மணியையும் வட்டியில்லாமல் பறித்துக்கொள்கிறார்கள். ராகு காலம் பார்க்கிற ஒரு குடும்பத்தார் கப்பலில் ஏறினால், பின்னுக்குத் தள்ளிய அந்த மணி நேரம் நல்லதா கெட்டதா என்று எந்தப் பஞ்சாங்கம் சொல்லும்? என் அபிப்பிராயத்தில், விவாகத்தை மேற்கு நோக்கிப் போகும்போது வைத்துக்கொள்வதும், விவாகத்துக்குப் பின் வரும் கணக்குவழக்குகளைக் கிழக்கு நோக்கித் திரும்பும்போது பேசுவதும் சௌகரியம்.

இவ்வளவு தாராளமாக அதிகாரம் வழங்கும் தாங்கள், சிலருக்கு மட்டும் கதவைச் சாத்தியதன் காரணம் எனக்கு விளங்கவில்லை. ஒரே பாலினத்தாரின் விவாகம் செல்லுமென்று 2017-இல் தங்கள் தீவின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் அமலுக்கு வந்த சட்டத்தின் மூலம் சட்டசபை அதை எடுத்துவிட்டுக் குடும்பப் பங்காளிகள் என்ற பெயரை வைத்தது. 2022 மார்ச்சில் லண்டனிலுள்ள மேல்முறையீட்டு மன்றமாகிய பிரிவி கவுன்சில் சட்டசபையின் பக்கமே நின்றது. மால்டாவோ 2017-லேயே இவர்களுக்கும் விவாக உரிமை அளித்தபடியால், அங்கே பதிவான கப்பல்களில் இவர்களுக்கும் தலைவர் மணம் செய்துவைக்கிறார். ஆகவே ஒரே இரவில், ஒரே கடலில், இரண்டு கப்பல்கள் விளக்குகளைக் காட்டிக்கொண்டு எதிரெதிரே கடந்து போகையில், ஒன்றிலே தம்பதிகளாகக்கூடிய இருவர் மற்றொன்றிலே வெறும் பிரயாணிகளாக நிற்கிறார்கள். கடல் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்புறத்து எழுத்துகள்தான் சொல்லுகின்றன.

எழுத்துக்கு இத்தனை வலிமை உண்டென்று தெளிந்தபின், என் சொந்த விண்ணப்பத்தையும் சமர்ப்பிக்கிறேன். நான் குடியிருக்கும் வீடு சிறியது, நகராதது, மழைக்காலத்தில் மட்டும் மிதக்கும் தன்மையது. அதன் புறக்கடைச் சுவரில் ஹாமில்டன் என்று எழுதிக்கொள்ளத் தாங்கள் அனுமதியளித்தால், வீட்டுவரி, குடிநீர் வரி முதலிய உள்நாட்டு விதிகள் எனக்குப் பொருந்தா என்று நகராட்சியாருக்கு மரியாதையாகத் தெரிவித்துவிடுவேன். என் மனைவிக்கும் எனக்கும் முப்பது வருஷங்களுக்கு முன் தரையில் நடந்த விவாகம் இதனால் பாதிக்கப்படுமா என்று அவளே விசாரிக்கச் சொன்னாள். அவள் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியாததால், அந்தப் பதிலைத் தனி உறையில் அவள் பெயருக்கே அனுப்பிவைக்கவும். எழுத்துகள் எத்தனை அங்குல உயரம் இருக்க வேண்டும், வர்ணச் செலவு யாரைச் சேர்ந்தது என்ற விவரங்களை எனக்கு எழுதினால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
கரைவாசி ஒருவன்