இறக்கமுள்ள மனிதர்

கல்யாண மண்டப வாசலில் வருகிறவர்கள் எல்லாரும் பன்னீர் வாங்கிக்கொண்டு, சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். பத்மினிக்காரர் மட்டும் மாப்பிள்ளை வந்திறங்கிய காரின் பின்சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்து, "அஞ்சு வெரலும் சும்மா போய்ட்டு வருதுங்க" என்று பெண்ணின் தாய்மாமனிடம் ரகசியமாகச் சொல்வார். தாய்மாமன் கலவரமாகி, "ஏனுங்க, வண்டி கடன்ல வாங்குனதுங்களா?" என்பார். அவர் கவலை அவருக்கு. பத்மினிக்காரரின் சாத்திரத்தில் அந்த இடைவெளி இரண்டு விரலுக்கு மேல் போனால் அது இன்னும் வேலை முடியாத வண்டி.

ஊருக்கு ஒருவராவது இந்த ரகத்தில் உண்டு. சிலர் வீட்டில் கான்டெசா நிற்கும், சிலர் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்மவர் கோயமுத்தூர்க்காரர், இவர் வீட்டில் நிற்பது 1978-ஆம் வருஷத்து பிரீமியர் பத்மினி. இத்தாலியில் பியட் 1100 ஆகப் பிறந்து, பம்பாய் குர்லாவில் பெயர் மாறி, சிமெண்ட் கலரில் இந்த வீட்டுக்கு வாழ வந்த கார். அப்பா பணம் கட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்து எடுத்தது. பியட்டுக்குப் பதிவு செய்துவிட்டு, பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, பிள்ளைக்குக் காது குத்திய பிறகு சாவி வாங்கியவர்களெல்லாம் உண்டு அந்தக் காலத்தில். அப்படிப்பட்ட வண்டியைத்தான் மகன் 'லோ' பண்ணக் கிளம்பினார். அதாவது, உடம்பைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோவது.

எதற்காக என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அரைமணி நேரம் போச்சு. வண்டி இறங்க இறங்க சென்டர் ஆஃப் கிராவிட்டி இறங்கும், வளைவில் சாயாது. சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் பியட் எந்த உயரத்தில் ஓடியது தெரியுமா? பந்தயக் கார்களை இதே ஊரில் வைத்துக் கட்டினாரே கரிவரதன், அவர் ஊர்க்காரனாக இருந்துகொண்டு நட்டுக்கிட்டு நிற்கிற வண்டியை ஓட்டலாமா? எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் அந்த 1089 சிசி எஞ்சினை இவர் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில், முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், ரேஸ் கோர்ஸ் ரோட்டைச் சுற்றி வர. பெயரைத் தவிர அங்கே ரேஸ் எதுவும் கிடையாது. சர்க்கரை இருப்பவர்கள் நடக்கிறார்கள்.

முதலில் சக்கரம். இந்த அத்தியாயம் லேசில் முடியாது. டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி 13 இன்ச், 14 இன்ச், 15 இன்ச் என்று வட்டங்கள் செய்தார். ஸ்கெட்ச் பேனாவால் ஆரம் வரைந்தார். காரில் சாத்தி வைத்துவிட்டு எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நாளாக நாளாக எதிர்வீட்டம்மா காபியோடு வந்து, "இன்னிக்கு எது தம்பி?" என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டது. கம்பெனியில் வந்தது 14 இன்ச் டிஸ்க், 5.20 டயர். பதின்மூன்று போட்டால் மட்கார்டுக்குள் சக்கரம் தொலைந்துபோகிறது. பதினைந்து போட்டால் டயர் மெலிந்து, குழியில் விழும் அடி முழுவதும் ரிம்முக்குத்தான். ஆகவே பதினான்கு. அட்டை வெட்டாமலேயே இதைச் சொல்லியிருக்கலாம் என்பது அவர் மனைவியின் கட்சி.

அளவு முடிந்தால் அழகு. எட்டு ஆரம் வைத்த மினிலைட் இங்கிலாந்து ஜாதகம். 1960-களில் மினி கார்களில் ஏறிப் பெயர் வாங்கியது. குரோமோடோரா இத்தாலி, பியட்டுக்கு ஒரே ஊர்ச் சம்பந்தம். பி.பி.எஸ். ஜெர்மனி; வலைப்பின்னல் வேலைப்பாடு, துடைக்க ஆள் போட வேண்டும். பத்மினிக்காரர் குரோமோடோரா தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றார். நண்பர் ஒருவர் மினிலைட்டைச் சிபாரிசு செய்தபோது, "இத்தாலிக்காரிக்கு இங்கிலீஷ் செருப்பு மாட்டச் சொல்றீங்களா?" என்று கோபப்பட்டார். அப்புறம் பழைய குரோமோடோரா ஒரு ஜோடி என்ன விலை, கப்பல் கூலி என்ன, சுங்கம் என்ன என்று கூட்டிப் பார்த்தார். மறுநாள், "ஐரோப்பா எல்லாம் ஒண்ணுதானுங்க, ஒரே யூனியன்" என்று மினிலைட் மாதிரியில் வார்த்த நாலு அலாய் வீலுக்குப் பணம் அனுப்பிவிட்டார். பிரிட்டன் அந்த யூனியனை விட்டு வெளியேறி அப்போது சில வருஷம் ஆகியிருந்தது.

வந்த சக்கரம் பொருந்தவில்லை. நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தை பி.சி.டி. என்பார்கள்; அதில் கொஞ்சம் தப்பினாலும் மாட்ட முடியாது. வேறு ஊராக இருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். கோயமுத்தூரில் தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. கணபதியில் பம்பு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்த ஒருவரிடம் அலுமினியத்தில் நாலு அடாப்டர் கடையச் சொன்னார். அவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தன எச்.பி. மோட்டாருக்குங்ணா?" என்றார். விஷயம் தெரிந்த பிறகும் மனிதர் அசரவில்லை. கடைந்து கொடுத்தார். நூலிழை பிசகில்லை.

அடாப்டரின் கனம் 20 மில்லிமீட்டர். சக்கரம் அவ்வளவு தூரம் வெளியே வந்து மட்கார்டின் உள்விளிம்பில் உரசியது. விளிம்பை உள்பக்கம் மடித்துவிட வேண்டும். வெளிநாடுகளில் இதற்கு பேஸ்பால் மட்டையை டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கொடுத்து, வண்டியை மெல்ல உருட்டுவார்களாம். பத்மினிக்காரர் வீட்டில் அம்மாவின் உலக்கை இருந்தது. இரண்டு பேர் வண்டியைத் தள்ள, இவர் மண்டிபோட்டு உலக்கையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்க, தகடு நெறுநெறுவென்று மடிந்தது. ஓரிடத்தில் பெயிண்ட் சிலும்பி, அதற்குக் கீழே இன்னொரு பெயிண்ட், அதற்கும் கீழே 1978 தெரிந்தது. அவர் அதை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தினார். உள்ளே போய் உலக்கையைக் கழுவாமல் சாத்தி வைத்தார். அடுத்த தடவை கம்பு இடிக்க எடுத்தபோது அம்மாதான் அந்த டயர் தடத்தைப் பார்த்தார்.

பிறகு இறக்கம். பத்மினிக்கு முன்பக்கம் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் பட்டை. உக்கடத்து மேஸ்திரி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "கண்ணு, நாப்பது வருசமா தூக்கி விட்ட கை இது. ஒம்பது பேரு ஏறிப் பழனிக்குப் போவாங்க. பின்னாடி உக்காருதும்பாங்க, ஒரு பட்டை சேத்து வெப்பேன். முன்னாடி தட்டுதும்பாங்க, ஸ்பிரிங்குக்கு ரப்பர் குடுப்பேன். எறக்கி உடுங்கன்னு வந்த மொத ஆளு நீதான்."

காயிலில் ஒரு சுற்றை வெட்டினால் வண்டி இறங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கூடவே ஸ்பிரிங் விறைத்துப்போகும் என்பது வெட்டிய பிறகுதான் பலருக்குத் தெரியவரும். எட்டுச் சுற்று ஏழானால், விறைப்பு முன்னைவிட ஏழில் ஒரு பங்கு கூடிவிடும். இன்னும் அவசரக்காரர்கள் கேஸ் வைத்துச் சூடுகாட்டி ஸ்பிரிங்கை அப்படியே உட்காரவைப்பார்கள். எஃகின் பதம் போய், பிறகொரு நாள் நடுரோட்டில் வண்டி தானாகவே மிச்சமும் இறங்கும். பத்மினிக்காரரை எதற்கு வேண்டுமானாலும் குறை சொல்லலாம், அந்தப் பாவத்துக்குச் சொல்ல முடியாது. வெட்டும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே நின்றார். பின்பக்கம் ஒரு பட்டையை உருவி, பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை கொடுத்து, நீளமான யூ போல்ட் போட்டு முறுக்கினார்கள். 165/60 டயர் வேறு. அசல் டயரின் உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர், இது 55. டயரால் மட்டும் வண்டி கிட்டத்தட்ட ஓர் இன்ச் இறங்கிற்று. ஸ்பீடோமீட்டரும் அன்றிலிருந்து பொய் பேச ஆரம்பித்தது. 55-இல் போனால் 60 என்கிறது. இவர் அதைத் திருத்தவில்லை.

உருவிய பட்டையை அப்பா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மோட்டார்ப் பட்டை என்றால் கொல்லுப்பட்டறையில் தனி மரியாதை. ஒரே வாரத்தில் அது கருவேலம் பிடி போட்ட அருவாளாகித் தோட்டத்துக்குப் போய்விட்டது.

வண்டி இரண்டு விரலுக்கு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பழைய பத்மினி சற்றே முகவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கும்; இப்போது ஒரு தீர்மானத்தோடு நின்றது. முதல் ஞாயிறு அவிநாசி ரோட்டில் போகும்போது, பைக்கில் வந்த பையன் ஒருவன் பக்கத்தில் வந்து கத்தினான்: "அண்ணா, பின்னாடி காத்து இல்ல!" அடுத்த சிக்னலில் பால்காரர் சொன்னார். அதற்கடுத்த சிக்னலில் போக்குவரத்துக் காவலர் கைகாட்டி நிறுத்தி, பஞ்சர் கடை எங்கே இருக்கிறது என்று வழியும் சொன்னார். தமிழ்நாட்டில் மனிதாபிமானம் செத்துப்போய்விட்டது என்பவர்கள் வண்டியை லோ பண்ணிப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சில்லறைச் சங்கடம். பெரிய எதிரி வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரைமுறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். இவர் வீதி முனையில் இருந்ததன் அகலத்தை ஒரே எட்டில் தாண்டலாம். உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அங்கே வந்ததும், "எல்லாரும் எறங்குங்க" என்பார். மனைவி, மகள், மடியிலிருந்த தேங்காய்ப் பழப் பை எல்லாம் இறங்கும். வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கி, அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். மருதமலை அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் குடும்பம் பாதி பாதயாத்திரை முடித்துவிடும். மகளுக்கு இதில் பரம சந்தோஷம். மனைவி இப்போதெல்லாம் நேராக பஸ்ஸில் போய்விடுகிறார்.

ஆனால் வேறொரு காரியம் நடந்தது. பத்மினிக்காரர் டேப்பும் நோட்டுமாகப் பேட்டையிலுள்ள வேகத்தடைகளை எல்லாம் அளந்தார். வரைமுறையோடு ஒப்பிட்டுப் பட்டியல் போட்டு, படம் ஒட்டி, மனு எழுதினார். பிரசவத்துக்குப் போகும் பெண்கள், முதுகுவலிக்காரர்கள், ஆம்புலன்ஸ் எல்லாம் அந்த மனுவில் வந்தார்கள், பத்மினி வரவில்லை. மனுவைப் படித்த வீதிக்காரர்கள் உருகிப்போய்க் குடியிருப்போர் சங்கத்துக்கு அவரையே செயலாளராக்கிவிட்டார்கள். அந்தப் பதவியில் அவர் நன்றாகவே வேலை செய்கிறார். சாக்கடை மூடி ரோட்டு மட்டத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பொறுக்கமாட்டார். அவிநாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தபோது, ஊரே நெரிசல் தீரும் என்று பேசிக்கொண்டது; இவர் என்னைத் தனியாக அழைத்து, "மேல வேகத்தடை போட மாட்டாங்கல்லங்க?" என்றார்.

இவருக்கு நேர் எதிர்க்கட்சி ஒரிஜினல்காரர். அவர் காரில் கம்பெனி நட்டுக்கூட மாறியிருக்காது; மழை வந்தால் வண்டி வெளியே வராது. எனக்கென்னவோ இரண்டு பேரில் பத்மினிக்காரர் பக்கம்தான் சாய்வு. ஒரிஜினல்காரருக்குக் காரைத் துடைக்கத் தெரியும். இவருக்கு அதன் அடிவயிற்றில் எந்த போல்ட் எத்தனை சுற்று என்று தெரியும்.

சட்டத்துக்கு அப்படியெல்லாம் சாய்வு கிடையாது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதையே அழுத்திச் சொன்னது. அதைக்கூட இவர் 'பார்த்துக்கலாம்' என்று விட்டிருந்தார். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த பழங்கால வண்டி விதிதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டி, அசல் வடிவத்தில் இருந்தால், 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' என்ற எழுத்து வரும் தனி நம்பர் வாங்கலாம். பத்மினிக்கு 2028-இல் ஐம்பது. விதியில் சேசிஸ், பாடி, எஞ்சின் என்றுதான் இருக்கிறது, ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச்சே இல்லை என்று நண்பர்கள் தைரியம் சொன்னார்கள். அதிகாரி வந்து குனிந்து பார்த்தால் என்ன செய்வது என்பது இவர் கேள்வி.

ஆக, வண்டி மறுபடி ஏற வேண்டும். பழைய டிஸ்க்கும் வீல் கப்பும் சாக்கில் கட்டிப் பரண்மேல் பத்திரமாக இருக்கின்றன. 2023 அக்டோபரில் பம்பாயின் கடைசி பத்மினி டாக்சி ஓய்வுபெற்ற செய்தியைப் படித்து அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை விட்டவர், சாயங்காலம் பம்பாய்க் காயலான் கடை ஒன்றைப் போனில் பிடித்து, வெட்டாத முன் ஸ்பிரிங் இரண்டுக்குச் சொல்லிவிட்டார். அதுவும் வந்துவிட்டது. குறைவது ஒரே ஒரு பின்பட்டை.

போன வாரம் தோட்டத்துக்குப் போய், தென்னை மரத்தில் கொத்தி வைத்திருந்த அருவாளை எடுத்து, வளைவோடு சேர்த்து டேப்பால் அளந்துகொண்டிருந்தார். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"நிமித்தி மாட்டறதுன்னா மாட்டிக்க, நான் வேண்டாங்கல. எளனி வெட்டறதுக்கு உன்ற அலாய் வீலுல ஒண்ண வெச்சுட்டுப் போ."