சுண்டைக்காய் எக்ஸ்பிரஸ்

ரயில் மாடல் வைத்திருப்பவனிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். விலை கேட்கலாம், வயது கேட்கலாம், 'வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?' என்றுகூடக் கேட்கலாம். 'ஓடுதா?' என்று மட்டும் கேட்கக் கூடாது. 'ஓடுதே' என்று சொல்லி ஸ்விட்சைப் போடுவான். எஞ்சின் ஒரு ஜாண் ஓடி நிற்கும். மேஜையின் ஓரத்தை யதேச்சையாகத் தட்டுவதுபோல் தட்டுவான். இன்னொரு ஜாண் ஓடும். 'நேத்து நல்லா ஓடிச்சு' என்பான்.

இங்கிலாந்தில் குடியிருந்துகொண்டு இந்தப் பழக்கம் ஒட்டாமல் தப்புவது கஷ்டம். சனிக்கிழமையானால் எங்காவது ஒரு சர்ச் ஹாலில் பழைய ரயில் சாமான் விற்பார்கள். டீயும் கேக்கும் உண்டு. கேக்குக்காகப் போனவர்களும் எஞ்சினோடுதான் வெளியே வருவார்கள். நான் நான்கு சக்கர டேங்க் எஞ்சின் ஒன்றையும் மூன்று பெட்டிகளையும் 15 பவுண்டுக்கு வாங்கினேன். அவற்றுக்கு உலோகச் சக்கரம், தகடு, கம்பி என்று வாங்கிப் போட்டதில் 40 பவுண்டைத் தாண்டிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"இந்தக் காசுக்குப் புது ரயிலே வாங்கியிருக்கலாமேங்க?" என்றாள் மனைவி.

வாங்கியிருக்கலாம். புது ரயிலையும் பிரித்துத்தான் பார்ப்பேன் என்பது அவளுக்கும் தெரியும்.

நிஜ ரயிலில் சக்கரத்துக்கு வேலை சுமப்பதும் உருள்வதும். மாடலில் அது கூடுதலாக மின்வாரிய உத்தியோகமும் பார்க்க வேண்டும். ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொன்று மைனஸ். 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்தில் ஏறி, சக்கரத்தின் முதுகை உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய தகடு வழியாக மோட்டாருக்குப் போய், எதிர்ப்பக்கச் சக்கரத்தில் இறங்கி வீடு திரும்ப வேண்டும். நடுவில் ஒரு பொட்டு அழுக்கு வழிமறித்தால் பயணம் ரத்து.

அழுக்குக்கு இங்கே அப்படி ஒரு செல்வாக்கு. 100 டன் எஞ்சினை 1:76 அளவுக்குச் சுருக்கினால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குகின்றன. எடையை மூன்று முறை 76ஆல் வகுக்க வேண்டும். வருவது சுமார் 230 கிராம். எஞ்சின் சுருங்கிவிட்டது, தூசி சுருங்கவில்லை. நிஜ எஞ்சின் நசுக்கிவிட்டுப் போகிற துகளின் முன்னால் என் எஞ்சின் மரியாதையாக நிற்கிறது.

வேகமாக ஓட்டித் தப்பிக்கலாமே என்பார்கள். யார்க் மியூசியத்தில் இருக்கும் மல்லார்ட் எஞ்சின் 1938இல் மணிக்கு 126 மைல், அதாவது 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிச் செய்த நீராவிச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. அதை 76ஆல் வகுத்தால் 2.7 கிலோமீட்டர்கூட வராது. பிரகாரம் சுற்றும் பாட்டிகள் அதை ஓவர்டேக் செய்துவிடுவார்கள். சாதனை வேகமே இந்த லட்சணம் என்றால் ஷண்டிங் எஞ்சினின் கதியை யோசியுங்கள். ஊர்ந்து போகும்போதுதான் ஒவ்வொரு பொட்டும் தன் வேலையைக் காட்டும்.

ஜெர்மன்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மார்க்லின் எஞ்சினின் அடியில் நீளமாக ஒரு தகடு தொங்கும்; ஸ்லீப்பர்களின் நடுவே வரிசையாக இருக்கும் குமிழ்களைத் தடவிக்கொண்டே போகும். இரண்டு தண்டவாளமும் ஒரே முனை என்பதால் சக்கரங்களுக்குப் பாதித் தலைவலி குறைவு. மல்லார்ட் ஓடிய அதே ஆண்டில் இங்கே வந்த ஹார்ன்பி டப்ளோ மாடல்களிலும் நடுவில் மூன்றாவது தண்டவாளம் ஒன்று இருந்தது. அது கண்ணை உறுத்துகிறது என்று ஒதுக்கி, 1959இல் டப்ளோவும் இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது. (லண்டனுக்குத் தெற்கே நிஜ ரயிலுக்கே மூன்றாவது தண்டவாளம் உண்டு, அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை போலிருக்கிறது.) அசல் மாதிரி இருக்க வேண்டும் என்று இவ்வளவு ரோஷப்பட்டவர்கள், ரயிலின் உடம்பை 1:76 அளவிலும் தண்டவாள அகலத்தை 1:87க்குரிய 16.5 மில்லிமீட்டரிலும் வைத்திருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் இங்கிலாந்தின் ரயில் பாதை முழுவதும் ஏழு அங்குலம் இளைத்துக் கிடக்கிறது. பொறுக்க முடியாதவர்கள் 18.83 மில்லிமீட்டரில் தாங்களே தண்டவாளம் செய்துகொள்கிறார்கள். அவர்கள் வீட்டு ரயில் ஓடி நான் பார்த்ததில்லை. எப்போது போனாலும் செய்துகொண்டிருப்பார்கள்.

என் பெட்டிகளோடு வந்தவை பழைய பிளாஸ்டிக் சக்கரங்கள். அவற்றின் உள் விளிம்பு எவ்வளவு பெரிது என்றால், அந்த ரகத்துக்கே பீட்சா கட்டர் என்றுதான் பெயர். உயரம் குறைந்த புதிய தண்டவாளத்தில் அவை தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கொக்கிகளின் மேல் ஏறி இறங்கித் தடதடக்கும். விருந்தாளிகள் 'அசல் ரயில் சத்தம்!' என்று கைதட்டுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். போதாக்குறைக்குப் பிளாஸ்டிக் சக்கரம் கிடைத்த கறுப்பையெல்லாம் அப்பிக்கொண்டு தண்டவாளம் நெடுகப் பூசிவிட்டு வரும்.

கழற்றுவது சுலபம். சக்கரங்களைத் தாங்கும் போகியை லேசாக விரித்தால் ஊசிமுனை அச்சு கையோடு வந்துவிடும். புது உலோக ஜோடியில் ஒரு சக்கரத்துக்கும் அச்சுக்கும் இடையே பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அது இல்லையென்றால் இரண்டு தண்டவாளமும் கைகோத்து ஷார்ட் ஆகிவிடும். மாட்டுமுன் சக்கரங்களின் முதுகுக்கு முதுகு சுமார் 14.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பித்தளைக் கட்டை வைத்துப் பார்க்க வேண்டும். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான்: இங்கே கவனிக்காமல் விட்டது, தண்டவாளம் கிளை பிரியும் பாயிண்ட் வரும்போது தெரியும்.

எஞ்சின் சக்கரத்தைச் சுத்தம் செய்வது தனிக் கலை. தண்டவாளத்தின் குறுக்கே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கிச்சன் பேப்பரை விரித்து, முன் சக்கரங்களை அதன் மேலும் பின் சக்கரங்களைத் தண்டவாளத்திலும் வைத்துக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பின் சக்கரம் மின்சாரம் வாங்கும்; முன் சக்கரம் பேப்பரில் சுழன்று கறுப்பாக இரண்டு கோடு கிழிக்கும். ஊரிலிருந்து மாமனார் வந்திருந்த சமயம் இது நடந்தது.

"மாப்பிள்ளை ராத்திரியில கதவைச் சாத்திக்கிட்டு என்னம்மா பண்றார்?"

"ரயில் விடறார்ப்பா."

"வாசனை வருதே?"

"அது ரயிலுக்குப்பா."

காலையில் நான் எழுந்ததும் அவரே என் கையில் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். எலுமிச்சம்பழமும் பிழிந்திருந்தது.

இனி தகடு. நான் பழைய தகடுகளைக் கழற்றிவிட்டு, சுமார் 0.3 மில்லிமீட்டர் பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை வளைத்துப் பற்றவைத்தேன். அழுத்தம் குறைந்தால் மின்சாரம் வராது. கூடினால் மின்சாரம் வரும், சக்கரம் சுழலாது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. இடுக்கியால் தொட்டால் அது நகர்ந்துவிடும். எப்படியோ நான்கு சக்கரமும் மின்சாரம் வாங்க, என் எஞ்சின் மேஜையைச் சுற்றி நிற்காமல் வந்தது. பாயிண்டின் நடுவே மின்சாரம் இல்லாத பிளாஸ்டிக் துண்டைக்கூட முக்கித் தாண்டியது.

அத்துடன் விட்டிருக்கலாம். பெட்டிகளுக்குள் விளக்கு எரிந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது.

விளக்குக்கு மின்சாரம் வேண்டும். அதனால் பெட்டிச் சக்கரங்களிலும் கம்பி உரச வேண்டும். உரசினால் பெட்டி இழுக்கக் கனக்கும். கனத்தால் எஞ்சின் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கும். வழுக்காமல் இருக்க இரண்டு சக்கரங்களுக்கு ரப்பர் வளையம் போட வேண்டும். ரப்பர் போட்ட சக்கரம் மின்சாரம் வாங்காது. மின்சாரம் குறைந்தால் எஞ்சின் பாயிண்டில் நிற்கும். நிற்காமல் இருக்கக் கெப்பாசிட்டர் வைக்கலாம். அதற்கு டிஜிட்டல் டிகோடர் வேண்டும். அதற்கு எஞ்சினுக்குள் இடம் வேண்டும். இருக்கிற இடத்தில் எல்லாம் எடைக்காக நான் ஈயம் வைத்திருக்கிறேன்.

இப்போது பெட்டிகளில் விளக்கு அருமையாக எரிகிறது. ரயில் பாயிண்டில் நிற்கிறது.

எஞ்சின்களைச் சக்கரக் கணக்கில் குறிப்பிடுவது வழக்கம்: முன்னால் எத்தனை, இயங்குபவை எத்தனை, பின்னால் எத்தனை. என்னுடையது 0-4-0. நின்றுபோன ரயிலைத் தள்ள மேலிருந்து இறங்கும் கைக்கு அமெரிக்க மாடல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 0-5-0. இதை மனைவியிடம் விளக்கினேன்.

"அதுக்குக் கம்பி, தகடு எதுவும் வேண்டாம் இல்ல?"

"வேண்டாம்."

"அப்ப அந்த எஞ்சினைக் கொஞ்சம் சமையல்கட்டுக்கு அனுப்புங்க, தேங்காய் துருவணும்."