ராணியும் ஆறும் ஒரே சாதியாம்!

ஏலே பேராண்டி, அந்தச் சீட்டுக்கட்ட வச்சிட்டு இங்கன வந்து உக்காரு. உன் கூட்டாளிமாரு கார எடுத்துக்கிட்டுப் போற வரைக்கும் நான் வாயத் தொறக்கல. நாலு பேரு முன்னால உன் மானத்த வாங்க வேண்டாம்னுதான். இப்ப வாங்கலாம்லா?

ஆட்டின் ராணி, ஆட்டின் ஆறு. ஓரத்தத் தூக்கிப் பாத்ததும் உன் மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாரு, நீ பொறந்தப்பகூட உங்கப்பன் மொகத்துல நான் அதப் பாக்கல. ஒம்போது பேரு போக்கர் மேசையில மொத ஆளா உக்காந்திருக்க. உனக்குப் பின்னால எட்டுப் பேரு என்ன வச்சிருக்கான்னு தெரியாது. சடக்குன்னு ஆறு டாலரத் தூக்கிப் போட்ட. ஏம்லன்னு கேட்டா, “ஸூட்டட் தாத்தா”ங்க. ரெண்டும் ஒரே சாதியாம்! அது ஒண்ணையே பாத்து முடிச்சு வச்ச கல்யாணம் எத்தன சந்தி சிரிச்சுதுன்னு நம்ம தெருவுல வீடு வீடாக் காட்டுவேன், வாறியா?

கம்ப்யூட்டர் படிச்சவன்தான நீ, கணக்கக் கேளு. கைக்கு வார ரெண்டு சீட்டும் ஒரே சாதியா இருக்கது ஒண்ணும் கொலசாமி குடுத்த வரமில்ல. நாலு கைக்கு ஒண்ணு கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். அப்படி வந்த கைக்கு, மேசையில விழுற மொத மூணு சீட்டும் அதே சாதியா விழுந்து ஃப்ளஷ் அங்கனயே சேருறது 119 தடவைக்கு ஒரு தடவ. ரெண்டு விழுந்து, இன்னும் ஒண்ணுக்கு வாயப் பொளந்துக்கிட்டு இருக்கது ஒம்போதுக்கு ஒண்ணு. மிச்ச நேரமெல்லாம் அது வெறும் ராணி, வெறும் ஆறு. சாதியால கூடுற பலம் நூத்துக்கு ரெண்டோ மூணோ. அதுக்குத்தான் இந்த ஆட்டம் ஆடுத.

ஒடனே டோய்ல் பிரன்சன் கதைய எடுக்காத. தெரியும். 1976-ல லாஸ் வேகஸ்ல இஸ்பேட் பத்தும் இஸ்பேட் ரெண்டும் வச்சு உலகப் பட்டத்தையே அடிச்சாரு. எல்லாம் சரி, அந்தக் கைய அவரு இஸ்பேட்டாலயா ஜெயிச்சாரு? மூணு பத்து, ரெண்டு ரெண்டு, ஃபுல் ஹவுஸ். அதுவும் கடைசிச் சீட்டு பத்தா விழுற வரைக்கும் எதிராளி கைதான் ஒசத்தி. அடுத்த வருசமும் அதே பத்து, ரெண்டு. அப்ப ரெண்டும் வேற வேற சாதி. மறுபடி ஃபுல் ஹவுஸ், மறுபடி பட்டம். ஆக, உன் சாதிக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. அதோட கடைசி ஆட்டத்துல மேசையில மிச்சம் இருந்தது ரெண்டே பேரு. ரெண்டு பேரு ஆடுற எடத்துல எதையும் ஆடலாம். நீ ஒம்போது பேரு நடுவுல உக்காந்துக்கிட்டு அவரு பேரச் சொல்லுத.

இந்த டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தக் கொற சொல்லல. கார்பஸ் கிறிஸ்டி பக்கத்துல ராப்ஸ்டவுன்னு ஒரு ஊரு, அங்கதான் இது பொறந்துச்சுன்னு 2007-ல டெக்சாஸ் சட்டசபையே தீர்மானம் போட்டிருக்கு. அங்கயும் பருத்திக் காடுதானாம். நம்ம கோவில்பட்டி மாதிரியே பருத்தி வித்த காசு எந்த வழியாப் போயிருக்குன்னு நெனச்சா சிரிப்புதான் வருது.

ராணி-ஆற ஆடவே கூடாதான்னு மொகத்தத் தூக்காத. ஆடலாம். டீலர் பட்டன் உன் முன்னால இருக்கணும், முன்னால உள்ளவனெல்லாம் கையப் போட்டிருக்கணும். அப்ப தாராளமா ஏத்து. பெரிய பிளைண்ட் காசு ஏற்கனவே உள்ள போயிருக்கு, ஒருத்தன் கொஞ்சமா ஏத்துதான், சரி, மிச்சத்தப் போட்டு மூணு சீட்டப் பாரு. மொத ஆளா உக்காந்திருந்தா தூக்கி எறிஞ்சிட்டு முறுக்கத் தின்னு.

அப்பறம் அந்த 20 டாலரு சமாச்சாரம். மேசையில ரெண்டு ஆட்டின் விழுந்திருச்சு. நடுவுல 20 கெடக்கு, உன் கூட்டாளி ஆந்திராத் தம்பி இன்னொரு 20 போட்டான். நீ 20 போட்டா 40 எடுக்கலாம், அதாவது ஒண்ணுக்கு ரெண்டு. பாக்காத சீட்டு 47, அதுல ஆட்டின் 9, மத்தது 38. ஒண்ணுக்கு நாலேகால் கெடச்சாத்தான் அடுத்த சீட்டப் பாக்க அந்தக் காசு தகும். “35 சதவீதம் வரும் தாத்தா”ன்னு முனங்காத, அது ரெண்டு சீட்டுக்கும் சேத்து. நடுவுல அவன் மறுபடியும் காசு கேப்பானே, அத உங்கப்பனா குடுப்பான்? ஃப்ளஷ் சேந்த பொறவு அவங்கிட்டருந்து கறந்துரலாம்னு நெனச்சா, மேசையில மூணு ஆட்டின் கெடக்கது அவன் கண்ணுக்கும் தெரியுமேல.

சேராமப் போனாக்கூட 20 டாலரோட போகும். சேந்தாத்தான் எனக்குப் பயம். ராணி ஃப்ளஷ்ஷ வச்சுக்கிட்டு நீ மொத்தக் காசையும் நடுவுல தள்ளும்போது, யோசிக்காமக் கூடத் தள்ளுதவன் யாரு? ஆட்டின் ஏஸோ ராஜாவோ வச்சிருக்கவன்தான். ஃப்ளஷ் இல்லாம ராணிச் சோடி மட்டும் சேந்தாலும் இதே கததான். எதிராளியும் ராணி வச்சிருந்தா அவன் தொணைச் சீட்டு பத்தோ ஜாக்கோ, உனக்கு ஆறு.

இன்னொண்ணு சொல்லுதேன், வெளிய சொல்லாத. ரெண்டு சாதி வந்தா, மேசையில மூணு ஆட்டின் விழுந்ததும் உள்ள எது ஆட்டின்னு சீட்டத் தூக்கித் தூக்கிப் பாப்ப. ஒரே சாதி வந்துட்டா தொடவே மாட்ட, கல்லு மாதிரி இருப்ப. ஆந்திராத் தம்பி அதக் கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சு. அவன் உன் மொகத்தப் பாக்கதே இல்ல, கையத்தான் பாக்கான்.

அவனுக்கு எடது கைப்பக்கத்து நாக்காலிதான் மேசையிலயே நல்ல எடம். அவன் என்ன செய்தான்னு பாத்த பொறவுதான் அதுல இருக்கவனுக்கு மொற வரும். வாற வெள்ளிக்கிழம அதுல நான் உக்காருதேன், நீ எங்க வேணா உக்காந்துக்கோ. டாலரு உன் கணக்கு.