மேலதிகாரிக்கு உயிர் ஏழு

அன்புள்ள அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்.

இவ்விடம் அனைவரும் க்ஷேமம். மில்வாக்கியில் பனி இன்னும் விட்டபாடில்லை. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் இந்தப் பிரதேசத்தில், கௌரவமான உத்தியோகஸ்தர்கள்கூட ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து, தங்களை வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் பாவித்துக்கொண்டு இரவு வெகுநேரம் பேசிக் களிக்கும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் வினோதமான விளையாட்டு பிறந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய லேக் ஜெனீவாவில் வசித்த கேரி கைகாக்ஸ் என்பவரும், மினசோட்டாக்காரரான டேவ் ஆர்னெஸனும் சேர்ந்து உருவாக்கிய இது, 1974-இல் முதன்முதலாக 1,000 பிரதிகளே அச்சாயிற்று. இன்றோ எங்கள் ஆபீஸ் வரைக்கும் வந்து, வருகிற சனிக்கிழமை அதை நடத்திவைக்கும் பாரத்தை என் தலையில் கட்டிவிட்டது.

நடத்துகிறவன் நிலைமையைக் கேளுங்கள். காலட்சேபத்தில் பாகவதர் சொல்லச் சபை கேட்கும்; இங்கேயோ சபையில் ஒருவர் தாமே அனுமாராகி, "நான் இலங்கைக்குப் போவதாக இல்லை, கிஷ்கிந்தையிலேயே ஒரு கடை வைத்துக்கொள்கிறேன்" என்றாலும், பாகவதர் முகம் கோணாமல் அந்தக் கடைக்கு வாடிக்கைக்காரர்களை அனுப்பி மேலே கதையை நடத்தியாக வேண்டும். ஆகையால் ராஜவம்ச சரித்திரமெல்லாம் எழுதி வைப்பது வீண் என்று அநுபவஸ்தர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு கிராமம், ஒரு சத்திரம், வழியில் ஒரு சண்டை, இவற்றோடு ஒரு முழத்துக்குப் பெயர்ப் பட்டியல்: இவ்வளவே என் ஆயத்தம். சத்திரக்காரனின் பெயரையும், அவன் சம்சாரத்தின் பெயரையும், கட்டாயம் அவன் நாயின் பெயரையும் கேட்பார்களாம்!

சண்டைதான் தர்மசங்கடம். மந்திரவாதி வேஷம் கட்டப்போகிறவர் என் மேலதிகாரி. முதற்படியில் நிற்கும் அவருடைய மந்திரவாதிக்கு உயிர்ப் புள்ளி ஏழுதான். புதரில் பதுங்கியிருக்கும் கோப்ளின் என்னும் குட்டிப் பிசாசின் சாதாரண வெட்டு ஒன்றே எட்டுப் புள்ளி வரை பறித்துவிடும். அந்த வெட்டு விழுமா விழாதா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். அதை உருட்டுகிறவனோ நான். எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஓர் அட்டைத் தடுப்பு உண்டு. அதன் மறைவில் விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லலாம் என்று ஒரு சாராரும், கூடவே கூடாது என்று மற்றொரு சாராரும் வாதிக்கிறார்கள். சம்பள உயர்வுக் காலமாதலால் நான் இரண்டாவது கட்சியில் சேரத் தயங்கி, நாலு கோப்ளின்களில் இரண்டை இப்போதே நீக்கிவிட்டேன். தடுப்புக்குப் பின்னால் பொய் சொல்வதைவிட முன்கூட்டியே தாட்சண்யம் காட்டுவது யோக்கியமல்லவா?

இன்று மத்தியானம் அவர் என் மேஜையருகே வந்து, கோப்ளின்கள் கைக்கூலி வாங்குமா என்று தணிந்த குரலில் விசாரித்தார். முயன்று பார்க்கலாம் என்றேன்.

பகடை என்றதும் மன்னிக்கு தர்மபுத்திரர் ஞாபகம் வரக்கூடும். இதில் பணயம் ஒரு காசும் கிடையாது. ஆயினும் அம்மாவிடம் சொல்லும்போது, ஆபீஸ் நண்பர்களோடு சனிக்கிழமை கதை படிக்கப்போகிறான் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி